ஏழாம் எண் விளக்கின் கைப்பிடி

மூத்தவள் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அரங்கத்தில் தானாகத் திரும்பும் மூவிங் லைட்டுகள் மாட்டி முடித்த பதினோராம் நாள், நாடகத்தின் இரண்டாம் காட்சியில், ஏழு மணி இருபது நிமிடத்துக்கு. அறுநூற்று நாற்பது இருக்கைகள் உள்ள அரங்கம் அது. அன்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வெளிச்சம் வட்டமாக மேடையில் விழுந்தது. வட்டத்துக்குள் பலகைகளின் ஆணித்தலைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அவள் குரல் அதற்கு ஓரடி இடப்பக்கத்திலிருந்து கணீரென்று வந்தது. ஆளைத்தான் காணவில்லை. உடுத்தியிருந்த சேலையும் காலில் போட்டிருந்த செருப்பும் அவளோடு சேர்ந்தே போயிருந்தன. ஜனங்கள் அதை இயக்குநரின் புதுமை என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். நாயகியைக் காட்டாமலே நாயகியை நடிக்கவைத்த துணிச்சலைப் பாராட்டி மறுநாள் ஒரு பத்திரிகை இரண்டு பத்தி எழுதியது. மேலாளர் அதை வெட்டி எடுத்து, டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே பசை தடவி ஒட்டினார்.

நடந்தது புதுமை இல்லை என்று அன்றே தெரிந்தவள் இளையவள் ஒருத்திதான். அவள் மூத்தவளின் கூடப்பிறந்த தங்கை, ஆறு வயது சின்னவள், கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டிலேயே இருந்தவள். பத்தொன்பது வருடமாக அந்த அரங்கத்தின் ஃபாலோ லைட்டைப் பிடித்துவந்தாள். பால்கனிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கூண்டு. அதில் ஒரு மூன்றுகால் தாங்கி. அதன்மேல் பீரங்கி மாதிரி நீண்ட ஒரு விளக்கு. அதைக் கையால் திருப்பித் திருப்பி, மேடையில் நடப்பவர் மேலிருந்து வட்டம் வழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அந்தச் சூட்டில் அவளுடைய வலது புருவம் பாதி பொசுங்கிப்போய் அப்படியே நின்றுவிட்டது. மூத்தவளோ ஒரே வசனத்தை இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்று சொன்னதில்லை. இன்றைக்கு ஜன்னல் பக்கம் போனால் நாளைக்கு வாசல் பக்கம் போவாள். அழ வேண்டிய இடத்தில் திடீரென்று உட்கார்ந்துவிடுவாள். கூட நடிப்பவர்கள் திணறினார்கள். இளையவள் திணறியதே இல்லை. அக்கா எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டவர்களிடம், “தோளப் பாத்தா தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். அவள் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

மூவிங் லைட்டுகள் மொத்தம் பன்னிரண்டு. மேடைக்கு மேலே குறுக்குக் கம்பிகளில் தலைகீழாகத் தொங்கின. அவற்றோடு சேர்ந்து ஒரு லைட் போர்டும், அதை இயக்க ஒருவரும் வந்தார்கள். எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று என்ன கிழமை, மழை பெய்ததா, எதிரில் இருந்தவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று சொல்லிவிடுவதால் எல்லாரும் அவரை நினைவுக்காரர் என்றார்கள். எந்த க்யூவில், அதாவது நாடகத்தின் எந்தக் கட்டத்தில், எந்த விளக்கு எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே போர்டில் பதிந்துவைப்பார். ஒரு பொத்தானை அமுக்கினால் பன்னிரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பும். மேடைப் பலகைகளில் சாக்கட்டியால் அறுபத்து மூன்று குறிகள் போட்டார். நல்ல மனிதர்தான், யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னவர் இல்லை.

“அம்மா, நீங்க குறியில வந்து நின்னா போதும். லைட்டு தானா வந்துடும்” என்றார் மூத்தவளிடம்.

“நான் இருக்கிற எடத்துக்கு லைட்டு வருமா, லைட்டு இருக்கிற எடத்துக்கு நான் வரணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்றார் அவர், உண்மையாகவே அப்படி நம்பி.

பழைய விளக்கை நான்கு பேர் பிணத்தைத் தூக்குவதுபோலப் படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இளையவள் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலையைக் கொடுத்தார்கள். அவள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

முதல் வாரம் மூத்தவள் மேடையில் மட்டும்தான் தெரியாமல் இருந்தாள். இரண்டாம் வாரம் ஒப்பனை அறைக் கண்ணாடியில் தெரியவில்லை. மாதக் கடைசிக்குள் தெருவிலும் தெரியவில்லை. நிறுத்தத்தில் அவள் கை நீட்டியும் பேருந்து நிற்காமல் போயிற்று. மளிகைக் கடையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அவளைத் தாண்டிக் கை நீட்டிச் சாமான் வாங்கிப் போனார்கள். டாக்டர் அவளை எடை பார்க்கும் கருவியில் ஏறச் சொன்னார். முள் ஐம்பத்தெட்டில் நின்றது. ஆள் தெரியாமலே ஐம்பத்தெட்டு என்று சீட்டில் எழுதி, சத்து மாத்திரை பத்து நாளுக்குக் கொடுத்தார். அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போன இடத்தில் எடுத்த புகைப்படத்தில் நாற்காலி மட்டும் நன்றாக விழுந்திருந்தது. முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது விதி என்று அங்கிருந்த எழுத்தர் வருத்தத்தோடு சொன்னார். மூத்தவளின் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவர். வேலை விட்டு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய், காற்றைப் பார்த்து அன்றைய சமாச்சாரங்களைச் சொல்வார். மூத்தவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இருபத்திரண்டு வருஷமா அடுப்படியில மட்டுந்தான் தேடுறீங்க” என்பாள். அவருக்கு முகம் சுருங்கிவிடும். இருந்தும் மறுநாளும் அடுப்படிக்குத்தான் போவார்.

தெரியாமல் போனதை மூத்தவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். குரலும் தேய ஆரம்பித்தபோதுதான் பயந்தாள். இளையவள் டார்ச்சோடு அரங்கத்துக்குள் நின்றபடி அதைக் கணக்கு வைத்துக்கொண்டு வந்தாள். முதலில் பதினைந்தாம் வரிசைவரை கேட்ட குரல் அடுத்த வாரம் பன்னிரண்டாம் வரிசையோடு நின்றது, பிறகு ஒன்பது, பிறகு ஆறு. ஒருநாள் மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மறுபக்கத்தில் சேலையின் நுனியைப் பிடித்திருந்த வெற்றிடத்திலிருந்து கேள்வி வந்தது.

“குரலும் போயிட்டா நான் எங்கடீ இருப்பேன்?”

இளையவள் சேலையின் தன் பக்கத்து நுனியை விட்டால் அக்கா போய்விடுவாள் என்பதுபோல அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மடித்து முடித்த பிறகும் விடவில்லை.

விஷயம் தெரியவந்தது ஓர் ஒத்திகையின்போது. காலை பதினொரு மணி. இளையவள் நடைபாதையில் டார்ச்சை ஏற்றிவைத்து, உடைந்த இருக்கைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மேடையின் பக்கவாட்டுப் படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாகத் திரும்பிற்று. டார்ச்சின் சின்ன வட்டத்துக்குள் மூத்தவள் முழுசாக இறங்கி வந்தாள்: நீலச் சேலை, தோளில் துண்டு, ஒரு மாதத்தில் காதோரம் கூடியிருந்த நரை. போர்டில் உட்கார்ந்திருந்த நினைவுக்காரர் எழுந்தே விட்டார். ஓடி வந்து, “உங்க டார்ச்சுல என்ன பேட்டரி போடுறீங்க?” என்று கேட்டார். பிறகு அவர் முறையாகச் சோதித்துப் பார்த்தார். டார்ச்சை ஒரு நாற்காலியில் வைத்து, மூத்தவளை எதிரில் நிற்கச் சொன்னார், சுவர்தான் தெரிந்தது. தானே கையில் பிடித்துப் பார்த்தார், அப்போதும் சுவர்தான். அவள் எந்தப் படியில் இருக்க வேண்டுமோ அந்தப் படியில் அவர் வெளிச்சத்தைக் கொண்டுபோய் வைத்தார். அவள் அந்தப் படிக்கு வந்து நின்றும் தெரியவில்லை. இளையவள் டார்ச்சை வாங்கினாள், தெரிந்தாள். திருப்பிக் கொடுத்தாள், மறைந்தாள். பதினாறு தடவை பார்த்துவிட்டு நினைவுக்காரர் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை அவர் ஒரு க்யூவைத் தவறாக அமுக்கினார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

டார்ச் வீட்டுக்குப் போதும். கணவர் தன் மீட்டர் பார்க்கும் டார்ச்சை வைத்துக்கொண்டு, இளையவளைப் பார்த்துப் பழகினார். அடுப்படியை விட்டு வெளியே வர அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஆனால் மேடைக்கு டார்ச் போதாது. முன்னால் உள்ள ஆறு வரிசைகளைத் தாண்டி இருப்பவர்களுக்கு அதன் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. பழைய விளக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகி வேறு எதுவாகவோ ஆகியிருந்தது. அதனால் இளையவள் மேலாளர் அறைக்குப் போய், பன்னிரண்டு மூவிங் லைட்டுகளில் ஒன்றின் மோட்டாரை நிறுத்திவிட்டு, அதற்கு ஒரு கைப்பிடி வைத்துத் தரும்படி கேட்டாள். அவள் ஒரே மூச்சில் அத்தனை சொற்கள் பேசியது அதுவே முதல் தடவை.

மேலாளர் உத்தரவாதப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தார். “தானா திரும்பணும்னுதானே இத வாங்கினோம்? இப்ப கையால திருப்புறேன்னா, வாஷிங் மெஷின வாங்கி வச்சுட்டு அதுக்குள்ள கைய விட்டுத் துவைக்கிறேங்கிற மாதிரில்ல இருக்கு?”

“அழுக்கு போகலேன்னா அப்படித்தான் சார் துவைக்கணும்” என்றது அவருக்கு எதிரில் இருந்த காலி நாற்காலி.

மேலாளர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். மூத்தவள் அறைக்குள் வந்திருந்தது அவருக்குத் தெரியாது. எதிரில் இருப்பவளின் குரல் மேசையைத் தாண்டி வருவதற்குள் எவ்வளவு மெலிந்துவிடுகிறது என்பதையும் அவர் அன்றுதான் கேட்டார். பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கு, ஏழாம் எண், இந்த நாடகம் முடியும்வரைக்கும் என்றார்.

அரங்கத்துத் தச்சர் பழைய சைக்கிள் ஒன்றின் ஹேண்டில்பாரை அறுத்து, விளக்கின் தலையில் பட்டை போட்டு முடுக்கினார். குறி பார்க்க ஒரு சாண் நீளக் குழாயைப் பக்கத்தில் கட்டினார். விளக்கின் எடை முப்பத்திரண்டு கிலோ. மோட்டாரை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் பெல்ட் கையோடு மல்லுக்கட்டும். மேடைக்கு மேலே விளக்குகளை ஒட்டிப் போகும் மேல்பாலத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, இளையவளின் இடுப்பில் கயிறு கட்டி உட்காரவைத்தார்கள். ஒளியின் அளவையும் நிறத்தையும் போர்டு பார்த்துக்கொள்ளும், திசை மட்டும் அவள் கையில் என்று ஏற்பாடு. அதற்கு நினைவுக்காரர் அறுபத்து மூன்று க்யூக்களிலும் ஏழாம் எண்ணின் திசையை அழிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழிக்க வழி இருந்தது. அவர் அதைச் செய்யாமல், ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, அழித்தார். இருபதாவதை அழித்தபோது தன் தொலைபேசி எண்ணை மறந்தார். முப்பதாவதை அழித்தபோது வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மறந்துபோயிற்று. அன்று போய்த் தள்ளிப் பார்த்துவிட்டுப் பிறகு இழுத்துத் திறந்தார். அறுபத்து மூன்றும் முடிந்தபோது, தேதி சொன்னால் கிழமை சொல்லும் வித்தை அவரிடம் இல்லை. அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சட்டையை மட்டும் சில நாள் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஏழாம் விளக்கு வேலை செய்தது. முதல் நாள் மூத்தவள் மேடையில் தெரிந்தபோது, புதிதாக ஒரு நடிகை வந்திருக்கிறாள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பாராட்டி எழுதிய பத்திரிகை, புதுமையைக் கைவிட்டுவிட்டதாக வருத்தப்பட்டு ஒரு பத்தி எழுதியது. மேலாளர் அதை ஒட்டவில்லை. குரல் மெல்லத் திரும்பியது: ஆறாம் வரிசை, ஒன்பது, பன்னிரண்டு. நாற்பத்தோராம் ஆட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்த காது மந்தமான ஒருவர், அந்த அம்மா ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் உரக்கக் கேட்டார். மேல்பாலத்தில் இருந்த இளையவளுக்கு அது கேட்டது. அன்று முழுதும் அவள் சிரித்த முகமாகவே இருந்தாள்.

நாற்பத்திரண்டாம் ஆட்டம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மூன்றாம் காட்சியில் மின்சாரம் கண் சிமிட்டுவதுபோல ஒருமுறை போய் வந்தது. மூவிங் லைட்டுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பினால், அது தூங்கி எழுந்த ஆளைப்போல இப்படியும் அப்படியும் கடைசிவரை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடங்கும். மோட்டாரை நிறுத்தி வைத்த கட்டளையும் அப்போது அழிந்துபோகும். நினைவுக்காரருக்கு இது ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. அந்த அறுபத்து மூன்றோடு சேர்ந்து இதுவும் போயிருந்தது. கைப்பிடி சுழன்று அடித்ததில் இளையவளின் வலது மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் முறிந்தன. ஏழாம் விளக்கு இரண்டு பக்கமும் திரும்பி, பிறகு நேர்கீழே பார்த்து நின்றது. மேடையில் மூத்தவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இல்லாமல் போனாள். இந்தத் தடவை குரலும் கூடவே போயிற்று. முதல் வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட ஒரு முனகல் கேட்கவில்லை. அவள் மகனாக நடித்தவர், பதிலுக்காகக் காத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

நினைவுக்காரர் போர்டை விட்டுவிட்டு ஐம்பத்து நான்கு படிகள் உள்ள இரும்பு ஏணியில் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்தபோது இளையவள் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் அதை விடவில்லை. அவர் விளக்கின் முதுகில் இருந்த பொத்தான்களைத் தேடித் தேடி அமுக்கி மோட்டாரை நிறுத்தினார்.

“பிடிங்க” என்றாள் இளையவள்.

“எனக்கு வராதும்மா. படியில பாத்தீங்கல்ல?”

“இன்னிக்கு வேற ஆள் இல்ல. பிடிங்க அண்ணே.”

அவர் கைப்பிடியைப் பிடித்தார். வட்டத்தைக் கொண்டுபோய், அந்த வசனத்துக்கான குறியின்மேல் வைத்தார். வெறும் பலகை. அடுத்த குறிக்குப் போனார். வெறும் பலகை. “அங்க இருக்கணுமே” என்று முணுமுணுத்தார். இளையவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “எங்க இருக்கணும்னு கேக்காதீங்க” என்றாள். அவளுக்கும் அக்கா எங்கே என்று தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தெரியவில்லை. கீழே முந்நூறு பேர் இருமாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது, மேடையின் வலப்பக்கத்தில் ஒரு சாக்கட்டிக் குறி தானாக அழிய ஆரம்பித்தது. யாரோ பாதத்தால் தேய்ப்பதுபோல, முதலில் ஒரு கோடு, பிறகு மற்றது. குறி இருந்த இடம் வெள்ளையாகக் கலங்கிற்று. அந்தக் கலக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் காலடி முன்னால் வந்தது, அதன்பின் இன்னொன்று. அவை எந்தக் குறியை நோக்கியும் போகவில்லை. இதுவரை யாரும் நடக்காத ஒரு கோணத்தில், மேடையின் குறுக்கே போயின. நினைவுக்காரர் வட்டத்தை அவற்றின்மேல் கொண்டுபோனார். ஓரடி பின்தங்கிப் போனதால் முதலில் ஒரு குதிகால் மட்டும் தெரிந்தது. பிறகு கொஞ்சம் எட்டிப் பிடித்தார். சேலைக் கரையும், தொங்கவிட்ட ஒரு கையும் தெரிந்தன. காலடிகள் போகப் போக வெளிறின. ஏழாவது அடியில் சாக்கட்டித் தூள் தீர்ந்துவிட்டது. மேற்கொண்டு பலகையில் ஒன்றும் இல்லை. நினைவுக்காரருக்கு வியர்த்துக் கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. அவள் அடுத்து எங்கே போவாள் என்பது அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரியாமலே வட்டத்தை இடப்பக்கம் சாய்த்தார். வட்டத்துக்குள் மூத்தவளின் முகம் வந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை எடுத்து முடித்தாள், கடைசி வரிசைவரை கேட்டது. ஆட்டம் நான்கு நிமிடம் தாமதமாக முடிந்ததாக அன்றைய பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

இளையவளின் கைக்கட்டை ஏழு வாரம் கழித்துப் பிரித்தார்கள். மணிக்கட்டு முன்போல முழுதும் திரும்பவில்லை. அதனால் ஏழாம் விளக்குக்கு முறைப் பட்டியல் ஒன்று வந்தது: இளையவள் நான்கு நாள், நினைவுக்காரர் ஒரு நாள், தச்சர் ஒரு நாள். வியாழக்கிழமை மேலாளரே ஏறினார். அவர் பிடிக்கும் நாளில் மூத்தவள் கழுத்துவரைதான் தெரிவாள். தவறாமல் வரும் ரசிகர்கள் வியாழக்கிழமையைத் தவிர்த்தார்கள். நாடகம் முடிந்து அடுத்த நாடகம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கைப்பிடியைக் கழற்றச் சொல்ல எல்லாரும் மறந்துபோனார்கள். உத்தரவாதப் பத்திரம் தன் பாட்டுக்குக் காலாவதியானது. வேறு ஊர் அரங்கங்களிலிருந்து, தங்களிடமும் இப்படி ஓரிருவர் தெரியாமல் போயிருப்பதாகக் கடிதங்கள் வந்தன. தச்சர் கைப்பிடியின் வரைபடத்தைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

மூத்தவளுக்கு இப்போது அறுபத்தொன்று. காலை பத்து மணிக்கு அவள் ஒத்திகைக்கு நடந்து போகும்போது, நல்ல வெயிலில், தெருவில் உள்ளவர்கள் டார்ச்சைப் பிடிக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து கணவர், திருப்பத்திலிருந்து மளிகைக் கடைக்காரர், அவர் வெளிச்சம் முடியும் இடத்தில் மருந்துக் கடைப் பெண், அதற்கப்பால் அச்சகத்துக்காரர், பிறகு பால் பூத்துக்காரர். ஒருவர் வட்டமும் அடுத்தவர் வட்டமும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி பிடிக்க வேண்டும் என்று இளையவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் முதல் நாள் கேட்பார்கள், இரண்டாம் நாள் டார்ச் வாங்குவார்கள். அச்சகத்துச் சுவருக்கும் பால் பூத்துக்கும் நடுவில் மட்டும், இருவருடைய வெளிச்சமும் எட்டாத நான்கு அடி இடைவெளி உண்டு. அங்கே தானே போய் நிற்பதாக இளையவள் ஒருமுறை சொன்னாள்.

“வேண்டாம்டீ. அது அப்படியே இருக்கட்டும்” என்றாள் மூத்தவள்.

“நடுவுல காணாமப் போறியேக்கா. பயமா இல்லையா?”

“அந்த நாலடி எனக்கு வேணும்.”

அச்சகத்துக்காரர் தன் டார்ச்சைத் தாழ்த்தியதும் மூத்தவள் மறைவாள். பெரும்பாலும் நான்கு செருப்புச் சத்தம் கேட்கும், அந்தப் பக்கம் வந்துவிடுவாள். சில நாள் அந்த நான்கு அடியைக் கடக்க அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். பால் பூத்துக்காரர் டார்ச்சை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பால் வாங்க வந்தவர்களும் சில்லறையைப் பிடித்தபடி கூடவே காத்திருப்பார்கள்.